ஒரு கொலைக் கதையும் எங்கள் வாசகர் வட்டமும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியர் வாசகர் வட்டத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது “வாசிப்பின் மகத்துவம்” என்ற தலைப்பில் பத்து நிமிடம். அந்தத் தலைப்பில் நாங்கள் எல்லோரும் ஏழாம் ஆண்டில் பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கிப் பேசி முடித்துவிட்டோம். அதனால் வேறொன்றைச் சொல்ல அனுமதி கேட்டோம். போன வருடம் எங்கள் வட்டம் ஒரு கொலைக் கதையை வாசித்தது. பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகச் சாகிற கதை. “நூற்றாண்டு மேடையில் கொலையா?” என்று தலைவி அக்கா கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவரும் விடுதியில் இருந்தவர்தானே.

விடுதியில் இருந்தவர்களுக்கு நாங்கள் அதிகம் விளக்கத் தேவையில்லை. சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்கும் தெரியும், மேற்பார்வை செய்த சிஸ்டருக்கும் தெரியும். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது, பழைய குமுதத்துக்கும் விகடனுக்கும் தங்கத்தின் மதிப்பு வந்தது. 1968இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ எங்கள் மூத்த அக்காமாரின் கைக்கு வாரப் பக்கங்களாகக் கிழிக்கப்பட்டு, ஊசி நூலால் தைக்கப்பட்ட புத்தகமாக வந்ததாம். அடுத்த வகுப்புக்குப் போகும்போது அட்டை இல்லை. அதற்கடுத்த வகுப்புக்குப் போனபோது கடைசி வாரமே இல்லை. யார் கொலைகாரன் என்று தெரியாமல் சாதாரண தரம் எழுதியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். மித்திரன் பத்திரிகைத் தொடர்களுக்கும் இதே கதிதான். லயத்தில் ஒரு வீட்டுக்கு வருகிற பத்திரிகையைப் பத்து வீடு வாசிக்கும். கடைசியில் அது அடுப்படியில் ரொட்டி சுற்றப் போய்விடும்.

ஆகவே கொலைக் கதை எங்களுக்குப் புதிது அல்ல. முடிவு வரை எல்லோரும் சேர்ந்து வாசித்ததுதான் புதிது.

நாங்கள் எடுத்தது அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய நாவல். இன்று அதற்கு ‘அன்ட் தென் தேர் வேர் நன்’ என்று பெயர். முதலில் இங்கிலாந்தில் வந்தபோது கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் ஒன்று அதன் தலைப்பில் இருந்தது. அமெரிக்காவில் 1940இலேயே அதை மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1985 வரை அந்தச் சொல்லோடுதான் விற்றார்கள். அதை இங்கே சொல்லப்போவதில்லை. “எங்களைக் ‘கள்ளத்தோணி’ என்று எழுதிய காலத்தில் அவர்களும் இதை எழுதியிருக்கிறார்கள்” என்று எங்கள் வட்டத்து அக்கா ஒருவர் சொன்னார். அன்றைய கூட்டத்தில் அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

பத்துக் கோடிப் பிரதிக்கு மேல் விற்ற புத்தகம் இது. 2015இல் கிறிஸ்டியின் நாவல்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று உலகம் முழுவதும் வாக்கெடுத்தபோதும் இதுதான் முதலிடத்தில் வந்தது. வீணை எஸ். பாலசந்தர் எடுத்து 1970இல் வெளியான ‘நடு இரவில்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதையின் சாயல் தெரிந்திருக்கும். ஒரு தீவு, ஒரு பெரிய வீடு, எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வரும் மனிதர்கள்.

வட்டத்தில் எங்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் சரளமில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். நாவலில் பதினாறு அத்தியாயம். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் வாசித்து, தமிழில் தன் சொந்த வார்த்தையில் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினார். எட்டு வாரம். பண்டாரவளை, பதுளை, அப்புத்தளை, கொழும்பு, டொரன்டோ, சென்னை. தோட்டத்தில் சிக்னல் இல்லாத தங்கை ஒருத்தி பஸ் நிலையத்துக்கு வந்து கேட்டாள். கொலைக் கதை மறுபடி தொடர்கதை ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தை யாரும் திருட்டுத்தனமாகப் பார்க்க முடியாது, ஏனென்றால் கடைசிப் பக்கம் டீச்சரின் தொண்டைக்குள் இருந்தது.

விருந்தினரைத் தீவுக்கு அழைத்த மர்ம மனிதரின் பெயர் யூ. என். ஓவன். ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னால் ‘அன்நோன்’, யாரென்று தெரியாதவர். இதை எப்படித் தமிழில் சொல்வது என்று டீச்சர் இரண்டு நாள் யோசித்து, “திரு. யா. ரோ” என்று வைத்தார். இனிஷியல் யா, பெயர் ரோ. எங்களுக்கு மூலத்தைவிட அது பிடித்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் பத்துச் சின்னப் பொம்மைகள் இருக்கின்றன. ஒருவர் சாக, ஒரு பொம்மை காணாமல் போகிறது. அந்த வாரம் நவராத்திரி. எங்கள் வட்டத்தில் ஒருவர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். மறுநாள் அவர் பதறிக்கொண்டு அழைத்தார். மூன்றாம் படியில் செட்டியார் பொம்மையைக் காணவில்லையாம். எடுத்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சரஸ்வதி பூசையன்று பொம்மை தானாகத் திரும்பி வந்துவிட்டது.

யார் கொலைகாரன் என்ற பந்தயத்தையும் சொல்ல வேண்டும். தாதியாக இருந்தவர்கள் மூன்று பேரும் டொக்டரைச் சந்தேகித்தார்கள். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை, சிரித்தார்கள். வங்கியில் வேலை செய்தவர் பழைய பொலிஸ்காரனைச் சொன்னார். டொரன்டோ அக்கா, “வெளியே இருந்து ஒருவன் வருகிறான்” என்று ஏழு வாரம் அடம் பிடித்தார். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. விடை தெரிந்த இரவில் பாதிப்பேர் டீச்சரை மெச்சினார்கள். மற்றப் பாதிப்பேர் டீச்சரையே ஏசினார்கள், ஏதோ அவர்தான் எழுதியதைப் போல.

இந்த ஏச்சு கிறிஸ்டிக்கும் பழக்கமானதுதான். 1926இல் அவர் எழுதிய ‘த மர்டர் ஒஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலின் முடிவைப் படித்துவிட்டு, வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று பலர் கோபித்தார்கள். டொரதி சேயர்ஸ் என்ற இன்னொரு துப்பறியும் எழுத்தாளர்தான் அவருக்காகப் பேசினார். வாசகி எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் டொரன்டோ அக்கா இன்னும் ஏற்கவில்லை.

இதுவரை சொன்னது விளையாட்டு. மூன்றாம் வாரத்தில் இருந்து அது முழுவதும் விளையாட்டாக இருக்கவில்லை.

கதையின் தொடக்கத்திலேயே ஒரு கிராமபோன் இசைத்தட்டு பேசுகிறது. அங்கே இருக்கும் பத்துப் பேரும் ஒவ்வொரு கொலை செய்தவர்கள் என்கிறது. எல்லாம் சட்டத்தால் தொட முடியாத கொலைகள். ஒருவன் காரை வேகமாக ஓட்டி இரண்டு பிள்ளைகளைக் கொன்றவன். ஒருவர் தன் மனைவியின் காதலனை யுத்தத்தில் சாவுக்கென்றே அனுப்பிய தளபதி. இன்னொருவன் ஆபிரிக்காவில் தன்னோடு வந்த இருபத்தொரு பேரை உணவில்லாமல் விட்டுவிட்டு, இருந்த உணவோடு தப்பி வந்தவன். அவர்கள் சுதேசிகள்தானே என்று சொல்லிச் சிரிக்கிறான்.

வேலைக்காரர் ரோஜர்ஸ் விஷயத்தில்தான் முதல் வித்தியாசத்தைக் கவனித்தோம். ரோஜர்ஸின் மனைவி இரவில் இறந்துபோகிறாள். மறுநாள் காலை அவர் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு பரிமாறுகிறார். நாங்கள் எல்லோரும் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த கொலை எங்கே என்று போய்விட்டோம். தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் தங்கைதான், “அக்கா, அவன் பொஞ்சாதி செத்து ஒரு நாளாகல்ல. காலையில அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டிருக்கான். ஒருத்தரும் நீ போய் இரு, நாங்க பார்த்துக்கிறோம்னு சொல்லல்லையே” என்று குரல் பதிவு போட்டாள். பின்னணியில் பிள்ளைகள் அழுகிற சத்தம். பேரேட்டில் பெயர் விழவேண்டும் என்பதற்காகச் சாவு வீட்டில் இருந்து மலைக்குப் போன தாய்மாரை அவளுக்குத் தெரியும். ரோஜர்ஸும் ஒரு கிழவியை மருந்து கொடுக்காமல் சாகவிட்டவர்தான், நல்லவர் இல்லை. அதை அவளும் மறுக்கவில்லை.

பிறகு எமிலி பிரென்ட் வந்தார். அறுபத்தைந்து வயது, நிமிர்ந்த முதுகு, பைபிளும் பின்னல் வேலையும். அவர் வீட்டில் வேலை செய்த சின்னப் பெண் கர்ப்பமாகிறாள். எமிலி அம்மையார் அவளை அன்றைக்கே வீட்டை விட்டுத் துரத்துகிறார். அந்தப் பெண் ஆற்றில் விழுந்து சாகிறாள். அம்மையாருக்கு வருத்தம் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. இதில் நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. ஆபிரிக்காவில் செத்தவர்கள் சுதேசிகள்தானே என்று ஒருத்தி சொல்லும்போது, கறுப்போ வெள்ளையோ அவர்கள் நம் சகோதரர்கள் என்று அதட்டுவது இதே எமிலி அம்மையார்தான். தூரத்து மனிதருக்கு அவரிடம் இரக்கம் உண்டு. தன் குசினியில் நின்ற பிள்ளைக்கு இல்லை.

இந்த அத்தியாயம் போன இரவு ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் ஒருவர் ஒரு வரி எழுதினார்: 2009இல் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன மலையகச் சிறுமிகள் இருவர் கால்வாயில் பிணமாகக் கிடந்தார்களே, நினைவிருக்கிறதா? அதன் பிறகு செய்திகள் நிற்கவில்லை. 2021இல் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு இறந்த பிள்ளையைப் பற்றி, அவளுக்காக ஹட்டனிலும் பதுளையிலும் நின்றவர்களைப் பற்றி எழுதினார்கள். வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனதே அந்த ஆண்டுதான் என்றார் ஒருவர். சட்டம் வந்து என்ன, தரகர் இன்னும் லயத்துக்கு வருகிறானே என்றார் இன்னொருவர்.

அப்போது எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், எழுதினார்: “எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. அம்மா காலத்தில். பதினொரு வயது. நான் பள்ளிக்கூடம் வரும்போது அது என் சப்பாத்தைத் துடைத்து வைக்கும்.” அதற்கு யாரோ கடுமையாகப் பதில் சொன்னார். அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

இரண்டு வாரம் கதை நின்றது. டீச்சர் தொடர மறுத்துவிட்டார். “ஒரு ஆள் குறைந்திருக்கிறது. பொம்மையை எடுத்தது யார் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்” என்றார்.

நாங்கள் நேரில் கூடினோம், போயா தினத்தன்று, ஒருவர் வீட்டில், பிளேன்டியும் பணியாரமும் வைத்துக்கொண்டு. வெளியே வழக்கமான பண்டாரவளை மூடுபனி, எதிர்வீடு தெரியவில்லை. அங்கே இன்னொரு விஷயம் வெளிவந்தது. எட்டாம் வகுப்பில் எங்களோடு ஒரு பிள்ளை இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி, பின்வரிசை, இரட்டைப் பின்னல். இரண்டாம் தவணை தொடங்கியபோது அவள் வரவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் விட்டிருக்கிறார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மேசையில் நாங்கள் புத்தகப் பை வைத்தோம். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் எங்களிடம் சொல்லவுமில்லை. ஒரு பெயர் இடாப்பில் சிவப்புக் கோட்டால் வெட்டப்பட்டது. அவ்வளவுதான்.

சப்பாத்து துடைத்த பிள்ளையைப் பற்றி எழுதிய தோழியை ஏசியவரும் அன்று அந்த வகுப்பில் இருந்தவர்.

இந்தக் கூட்டத்தில்தான் நீதியைப் பற்றிய வாதமும் நடந்தது. சட்டம் தொடாதவர்களைத் தீவுக்குக் கூட்டி வந்து தண்டிப்பது சரியா? எங்களில் சிலர் சரி என்றார்கள். அவர்களுக்கு இந்த ஊரிலேயே காரணம் இருந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, நகரத்துக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2005க்குள் அவர்களும் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். அந்த வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்கள் எங்கள் வட்டத்தில் ஐந்து பேர். “கதையில் பத்துப் பேரைக் கொல்ல ஒரே ஆள் போதும். இங்கே கொன்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணக்கூட முடியாது. அவர்களில் சிலரை நான் சந்தையில் கண்டிருப்பேன். என்னிடம் கறிவேப்பிலை வாங்கியிருப்பார்கள். அப்படியொரு தீவு இருந்தால் நான் படகுக்காரியாகப் போவேன்” என்றார் ஒரு அக்கா.

தாதியாக இருந்த அக்கா மறுத்தார். அவர் சத்தம் போடவில்லை. “அந்தக் காலை அவர்களும் அப்படித்தான் நினைத்து வந்தார்கள். சட்டம் செய்யாததை நாங்கள் செய்கிறோம் என்று” என்றார். படகுக்காரி அக்கா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் இரண்டாம் கோப்பை தேநீர் கொண்டு வந்தார். வாதம் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை என்பதைச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

எங்களுக்குக் கதையில் உறுத்திய இடமும் இதோடு சேர்ந்ததுதான். சாவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. குற்றம் குறைந்தவர் முதலில், பயத்தை அதிகம் அனுபவிக்காமல். குற்றம் கூடியவர் கடைசியில். ஆனால் யார் அளந்தது? இரண்டு பிள்ளைகளைக் காரால் அடித்தவன் எல்லோருக்கும் முதலில், ஒரு மிடறில் போய்விடுகிறான். அவனுக்குப் பொறுப்புணர்வே இல்லை, அதனால் குற்றம் குறைவு என்பது கொலைகாரரின் கணக்கு. பிள்ளை பெற்ற எங்களில் ஒருவருக்கும் அந்தக் கணக்குச் சரிவரவில்லை. எமிலி அம்மையார் நடுவில் போகிறார். சாவதற்கு முன், அரைத் தூக்கத்தில், தன் நாட்குறிப்பில் கொலைகாரரின் பெயர் என்று அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரை எழுதிவிடுகிறார். பகலில் வருத்தமே இல்லை என்று சொன்ன அதே கை. டீச்சர் அந்த இடத்தை இரண்டு முறை சொன்னார்.

குழுவை விட்டுப் போன தோழியைப் பார்க்க நாங்கள் நான்கு பேர் போனோம். வெலிமடை பஸ்ஸில் போய், மழையில் நனைந்து, அவர் வீட்டு வாசலில் நின்றோம். ஏசியவர்தான் முதலில் பேசினார். என்ன பேசினார் என்பது அவர்கள் இருவருக்கும் உரியது. தோழி எங்களுக்குச் சொன்னது இது: அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் திரும்பிப் போய்விட்டது. பிறகு எங்கே என்று அவருக்குத் தெரியாது. பெயர் தெரியும். தோட்டத்தின் பெயர் தெரியும். “தேடிப் பார்க்கலாம் என்று நினைப்பேன். பிறகு கண்டுபிடித்தால் என்ன சொல்வது என்று பயந்து விட்டுவிடுவேன்.”

அந்த வாரமே அவர் குழுவுக்குத் திரும்பினார். டீச்சர் மிச்ச அத்தியாயங்களைச் சொல்லி முடித்தார். முடிவைக் கேட்டுத் திட்டியவர்களில் அவரும் ஒருவர். அது எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

கிறிஸ்டியே இந்தக் கதையை 1943இல் மேடை நாடகமாக்கியபோது, முடிவை மாற்றி இரண்டு பேரை உயிரோடு விட்டுவிட்டார். பல படங்கள் அந்த மாறிய முடிவைத்தான் எடுத்தன. 1987இல் வந்த ரஷ்யப் படம் நாவலின் முடிவையே வைத்தது. எங்கள் வட்டத்தில் இது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. நாவலின் முடிவுக்குப் பதினொன்று, நாடகத்தின் முடிவுக்கு நான்கு. அந்த நான்கு பேரும் பேரப்பிள்ளை உள்ளவர்கள்.

பிள்ளைப் பராமரிப்பு நிலையத் தங்கை மட்டும் வாக்களிக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. எங்கள் சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, “இதில ‘சாதாரண தரம் எழுதிய ஆண்டு’ன்னு ஒரு கட்டம் இருக்கு அக்கா. எட்டாம் வகுப்போட நின்னவங்க இதில என்ன எழுதுறது?” என்று கேட்டாள். இத்தனை வருடமாக அந்தப் படிவத்தை நாங்கள்தான் அச்சடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

செயற்குழுவுக்கு எழுதினோம். குழு ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இந்த நூற்றாண்டு மலரோடு உங்களுக்கு வரும் படிவத்தில் அந்தக் கட்டம் “கல்லூரியில் இருந்த ஆண்டுகள்” என்று மாறியிருக்கிறது. ஒரு தவணை இருந்தவரும் எழுதலாம்.

அதனால் இங்கே இருப்பவர்களிடமும், இந்த உரையை மலரில் வாசிக்கும் தூரத்து அக்கா தங்கைமாரிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வகுப்பில் பாதியில் காணாமல் போனவர்களின் பெயரை எழுதுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்த ஆண்டு, நினைவில் உள்ளதை எழுதுங்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள், கொழும்புக்கு வேலைக்கு விடப்பட்டவர்கள், சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். வெளியே ஒட்டும் பட்டியல் அல்ல இது, எங்கள் செயலாளரின் கொப்பியில்தான் இருக்கும். நாங்கள் பக்கத்தில் இருப்பவர்கள், பஸ் ஏறிப் போய்க் கேட்டுப் பார்ப்போம். இதுவரை முப்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது. மூன்று பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒருவர் எல்லாவில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். அவரை இன்றைக்கு அழைத்தோம், கடையை மூட முடியாது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரக் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டார். எங்களை வரச் சொல்லியிருக்கிறார்.

இரட்டைப் பின்னல் தோழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கொலைகாரர் யார் என்று எங்களிடம் கேட்க நினைப்பவர்கள் தேநீர் இடைவேளையில் டீச்சரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில், நீலச் சேலையில் இருக்கிறார். அவர் சொல்லமாட்டார். புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, கடைசிப் பக்கமும் இருக்கிறது, நேற்றுத்தான் எண்ணிப் பார்த்தோம்.